மலிவாக வாங்கினால் பொய் இலவசமா?

போன மாதம் என் கிளினிக்கில் நடந்தது இது. மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்க வந்திருந்தார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். இங்கிலாந்தில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். "சாப்பாடெல்லாம் எப்படி சார்?" என்று கேட்டேன்.

"என் பையன் ரொம்ப உஷார் டாக்டர். மலிவு விலை சூப்பர் மார்க்கெட் பக்கமே போக மாட்டான். அங்கேதானே குதிரைக்கறியை மாட்டுக்கறின்னு சொல்லி வித்தாங்க! பத்து பைசா மிச்சம் பிடிக்கப் போனா குதிரைதான் கிடைக்கும்..."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தபிறகு அந்தச் சிரிப்பு உறுத்த ஆரம்பித்தது. நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட சங்கதி. ஆனாலும் ஜனங்கள் மனதில் அது எப்படித் தங்கியிருக்கிறது பாருங்கள். ஏமாற்றியவன் யார் என்பது மறந்து போச்சு. ஏமாந்தவன் கஞ்சன் என்பது மட்டும் நினைவிருக்கிறது!

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2013 ஜனவரி 15. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைகளில் சாதாரணமாக விற்கும் 27 வகை மாட்டிறைச்சி பர்கர்களை வாங்கி மரபணு சோதனை செய்திருந்தார்கள். 10 வகைகளில் குதிரையின் டி.என்.ஏ. இருந்தது. 23 வகைகளில் பன்றியின் டி.என்.ஏ.! பெரும்பாலானவற்றில் இருந்தது துளி அளவுதான். ஆனால் டெஸ்கோ என்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டின் மலிவு விலை வரிசைப் பர்கர் ஒன்றில், இருந்த கறியில் சுமார் 29 சதவீதம் குதிரை. எட்டு பர்கர் கொண்ட பாக்கெட் ஒரு பவுண்டுக்கு விற்ற சரக்கு அது.

அடுத்த மாதமே இன்னொரு குண்டு. மாவுத் தகடுகளுக்கு நடுவே கொத்துக்கறியும் சாஸும் அடுக்கி வேகவைக்கும் இத்தாலியப் பண்டம் ஒன்று உண்டு. லசான்யா என்பார்கள். ஃபின்டஸ் என்ற பெயர்போன கம்பெனியின் மாட்டிறைச்சி லசான்யாவைச் சோதித்தால், சில பாக்கெட்டுகளில் இருந்த கறி அத்தனையும் குதிரை. கலப்படம் என்றுகூடச் சொல்ல முடியாது. கலந்தால்தானே கலப்படம்?

அதோடு நின்றதா? லங்காஷயர் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலும் குதிரை டி.என்.ஏ. கிடைத்தது. செக் நாட்டில் சோதித்தபோது ஐக்கியா கடையின் இறைச்சி உருண்டையிலும் கிடைத்தது. ஐரோப்பிய யூனியன் முழுக்க 4,144 மாதிரிகளைச் சோதித்ததில் 193 மாட்டிக்கொண்டன. இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆக, மகனை 'உஷார்' என்று மெச்சிக்கொண்ட நம் வங்கி அதிகாரிக்கு முதல் பதில் இதுதான்: மாட்டியது ஒரு பவுண்டு பாக்கெட் மட்டுமல்ல, சார்.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். அத்தனை லட்சம் பேர் சாப்பிட்டும், இந்த மோசடியைப் பிடித்தது நாக்கு அல்ல, ஆய்வகம். அரைத்து, உப்பும் மசாலாவும் ரொட்டித் தூளும் சேர்த்து, உறைய வைத்துவிட்டால் குதிரை என்ன, மாடு என்ன! கொடுக்கிற காசு கூடினாலும் நாக்கின் அறிவு கூடாது.

ஆங்கிலேயர்களுக்கு ஏன் அத்தனை கலவரம் என்று கேட்பீர்கள். குதிரை அவர்களுக்குத் தோழன். பந்தயத்தில் ஓடும், பிள்ளைகள் ஏறி விளையாடும். கடலைத் தாண்டினால் பிரான்ஸில் 1866-லேயே குதிரைக்கறி விற்பனைக்குச் சட்டப்படி அனுமதி கொடுத்துவிட்டார்கள். இத்தாலி, பெல்ஜியத்திலும் சாப்பிடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், கி.பி. 732-லேயே போப்பாண்டவர் ஒருவர் குதிரை தின்பதைக் கண்டித்து எழுதினார் என்பது சரித்திரம். ஒரு ஊரில் விருந்து, அடுத்த ஊரில் அருவருப்பு. உணவு விஷயத்தில் இது எங்கேயும் உள்ளதுதான். நம் வீட்டிலேயே மாமியாருக்கு ஆகாதது மருமகளுக்கு ஆகும்!

ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? முதலில் சிரிப்பு. பசி தாங்கவில்லை என்றால் 'ஒரு குதிரையையே தின்பேன்' என்பது ஆங்கிலேயரின் பேச்சு வழக்கு. சொல்லவா வேண்டும்? அறிக்கை வந்த அன்றே துணுக்குகள் பறந்தன. பிறகு கோபம். டெஸ்கோ பத்திரிகைகளில் முழுப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டது. உறைந்த பர்கர் விற்பனை சில வாரங்களில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. தெருமுனைக் கசாப்புக் கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். அப்புறம் மெல்ல மெல்லத் தலையெடுத்ததுதான் மூன்றாவது ரகப் பேச்சு. "ஒரு பவுண்டுக்கு எட்டு பர்கர்... வேறே என்ன எதிர்பார்த்தே?"

இந்தப் பேச்சைத்தான் நான் இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்க நியாயமாகத் தெரியும். மலிவு என்றால் தரம் குறையும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே? கறி கொஞ்சமாக இருக்கும், கொழுப்பு அதிகமாக இருக்கும், ருசி மட்டமாக இருக்கும். அதற்கெல்லாம் அந்த ஒரு பவுண்டு கொடுத்தவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் மாடு என்று எழுதிய பாக்கெட்டில் குதிரை இருக்க அவர் எங்கே சம்மதித்தார்? மட்டமான மாடு வேறு, மாடே இல்லாதது வேறு. விலை குறைவாகக் கொடுத்தவருக்குப் பொருள் குறையலாம். உண்மை குறையலாமா?

என்ன டாக்டர், மேடைப் பேச்சு மாதிரி இருக்கே என்கிறீர்களா? என் தொழிலிலேயே பட்டதைச் சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

நான் தொழில் ஆரம்பித்த சில வருஷங்களில் ஒரு பெண் வந்தார். தையல் கம்பெனியில் வேலை. மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கு. எங்கள் பாஷையில் பெரும்பாடு. அசோகப்பட்டைக் கஷாயம் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் போயிற்று, குணமில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம்... முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. 'ஒழுங்காகக் காய்ச்சிக் குடிக்கிறாயா? பத்தியம் இருக்கிறாயா?' என்று அவரையே கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7-க்கு வந்திருந்தது. பயந்துபோய் ஸ்கேனுக்கும், மகப்பேறு டாக்டரிடமும் அனுப்பினேன். அதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும், அது தனி.

பிறகுதான் 'குடிக்கிற பட்டையைக் கொண்டு வாம்மா' என்றேன். மஞ்சள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்தார். ஒரு துண்டை உடைத்தேன், முகர்ந்தேன், கடித்துப் பார்த்தேன். பாளையங்கோட்டை கல்லூரியில் குணபாட வகுப்பில் எங்கள் பேராசிரியர் இரண்டு பட்டைகளை அக்கம்பக்கத்தில் வைத்து, 'இதில் ஏமாந்தால் நீ வைத்தியனே இல்லை' என்பார். அது அசோகப்பட்டை இல்லை. நெட்டிலிங்கப் பட்டை! பங்களா வாசலில் கோபுரம் மாதிரி உயரமாக நிற்குமே, அந்த மரம். அதைத்தான் பலர் அசோகமரம் என்று தவறாகச் சொல்கிறார்கள். அசல் அசோகம் கிடைப்பது அரிது என்பதால் இந்த ஆள்மாறாட்டம் எங்கள் தொழிலில் பழைய கதை.

'ஏம்மா, நல்ல கடையாகப் பார்த்து வாங்கக் கூடாதா?' என்று கேட்டேன். கேட்டேனே தவிர, அந்தப் பெண் சொன்ன பதில் இன்றுவரை காதில் இருக்கிறது.

"அங்கே விலை ஜாஸ்தி சார். இங்கேயும் அசோகப்பட்டைன்னு பேர் சொல்லித்தானே கேட்டேன்? அசோகப்பட்டைன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?"

அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. "அந்த விலைக்கு அதுதான் சார் வரும்" என்றார், ஏதோ எனக்கு வியாபாரம் கற்றுக்கொடுக்கிற தோரணையில். லண்டனில் சொன்னதும் இதே வாக்கியம்தான். வேறே என்ன எதிர்பார்த்தாய்?

சரி, குதிரைக்கறியால் யாருக்காவது உடம்புக்கு வந்ததா? ஆரோக்கியப் பத்திரிகை வாசகரான நீங்கள் இதைக் கேட்காமல் விட மாட்டீர்கள். பந்தயக் குதிரைகளுக்கும் சவாரிக் குதிரைகளுக்கும் வலி தீர ஃபீனைல்பியூட்டசோன் என்ற மருந்து கொடுப்பார்கள். மனிதர்களில் அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, ரத்தம் ஊறுவதையே கெடுக்கக்கூடியது. அதனால் அந்த மருந்து கொடுத்த குதிரை உணவுக்குப் போகக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். பிரிட்டனில் வெட்டிய 206 குதிரைகளைச் சோதித்ததில் 8-ல் இந்த மருந்து இருந்தது. ஆனால் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி அப்போதே கணக்குச் சொல்லிவிட்டார். முழுக்கக் குதிரைக்கறியால் ஆன பர்கரைத் தினம் 500, 600 தின்றால்தான் மனிதருக்குக் கொடுக்கும் ஒரு நாள் மருந்தின் அளவை நெருங்கும்! ஆகவே பீதிக்கு இடமில்லை. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'யாரும் சாகவில்லையே, அப்புறம் என்ன?' என்று கதையை முடித்துவிடுவது சரியில்லை. இந்த மருந்துள்ள கறி உணவுக்குள் வராமல் தடுப்பது எது? எந்தக் குதிரை, எங்கே வளர்ந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்ற பதிவேடுதான். மாடு என்று பெயர் மாறிய அந்த நிமிஷமே அத்தனை பதிவும் வெறும் காகிதம். இந்த முறை அதிர்ஷ்டம், அவ்வளவே. பெயர் மாற்றுகிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தா மாற்றுகிறான்?

உடம்பைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. பத்திரிகைகள் குதிரை குதிரை என்று கத்தின. 27-ல் 23-ல் பன்றி என்ற வரி உள்பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரே ஆலையில் இரண்டு கறியும் அரைபடுவதால் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஆணையமே சொன்னது. இருக்கலாம். ஆனாலும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கோ யூதக் குடும்பத்துக்கோ எது பெரிய இடி? அதே பிப்ரவரியில், இங்கிலாந்துச் சிறைகளுக்கு ஹலால் என்று அனுப்பிய பண்டங்களில் பன்றி டி.என்.ஏ. இருந்ததாக அரசே அறிவித்தது. கைதிக்கு வேறு கடைக்குப் போகும் வழி உண்டா? அவனிடம் போய் 'நல்ல கடையாகப் பார்த்து வாங்கக் கூடாதா' என்று கேட்க முடியுமா?

பத்தியம் என்ற சொல்லோடு முப்பது வருஷம் வாழ்ந்தவன் நான். எதை உண்கிறோம், எதை விடுகிறோம் என்பது ஒருவர் தன் உடம்போடும் சாமியோடும் செய்துகொள்கிற ஒப்பந்தம். அதில் மூன்றாம் மனிதன் ரகசியமாகக் கைவைக்கக் கூடாது.

கைவைத்தவர்கள் யார் தெரியுமா? அந்த லசான்யாவின் பயணத்தைக் கேளுங்கள், தலை சுற்றும். ருமேனியாவில் வெட்டிய குதிரை. சைப்ரஸில் பதிவான கம்பெனி மூலமாக, நெதர்லாந்து வியாபாரி கைக்கு வந்து, தெற்கு பிரான்ஸில் உள்ள கறிக் கம்பெனிக்குப் போய், அங்கே 'மாடு' ஆகி, லக்ஸம்பர்க் ஆலையில் லசான்யாவாகி, பிரிட்டிஷ் சமையலறைக்கு வந்தது. விஷயம் வெடித்ததும் பலரும் கைகாட்டியது ருமேனியாவை. ஏழை நாடு அல்லவா! கடைசியில் பார்த்தால், ருமேனிய ஆட்கள் குதிரை என்று ஒழுங்காக எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். பிரெஞ்சு அரசு விசாரித்துச் சொன்ன கணக்கு: 750 டன். அதில் 500 டன் மட்டும் 45 லட்சம் பண்டங்களாகி 13 நாடுகளில் விற்றிருக்கிறது.

அந்த நெதர்லாந்து வியாபாரியின் கம்பெனிப் பெயர் ட்ராப். டச்சு மொழியில் குதிரைக்குப் பெயர் பார்ட். அதன் எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் ட்ராப்! பெயர்ப் பலகையிலேயே குதிரையைத் திருப்பிக் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன். குதிரைக்கறியை மாட்டுக்கறி என்று விற்றதற்காக 2012-லேயே அவருக்கு அந்நாட்டு நீதிமன்றம் தண்டனை கொடுத்திருந்தது. அப்படியும் 2013 வரை தடையில்லாமல் வியாபாரம். 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் இரண்டு வருஷம் சிறை விதித்தது. சொல்லுங்கள், இதில் ஒரு பவுண்டு கொடுத்த அம்மாவின் கஞ்சத்தனம் எங்கே வருகிறது?

இன்னொரு கூத்து ஜெர்மனியில். கடைகளிலிருந்து திரும்ப எடுத்த லசான்யாவைக் கொட்டுவானேன், ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்றார் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர். அமைச்சர் ஒருவரும் அதை ஆமோதித்தார். உணவை வீணாக்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. பாட்டி காலத்திலிருந்து சோற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட வீடுதான் எங்களுடையது. சரியான பெயர் எழுதி, வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தால் சரி. எம்.பி.க்களின் கேன்டீனில் முதல் தட்டு வைத்துவிட்டு ஏழைக்குக் கொடுத்திருந்தால் இன்னும் சரி!

'நாங்க சைவம் டாக்டர், எங்களுக்கு இந்தக் கதை எதுக்கு?' என்று புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பிப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறீர்களே, உள்ளே இருப்பதை நீங்கள் சோதித்தா பார்க்கிறீர்கள்? அந்தப் புள்ளியை நம்புகிறீர்கள். அந்த ஒரு பவுண்டு அம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

நம் ஊரிலும் இதன் மறுபக்கம் ஒன்று நடந்தது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோவுக்கு மேல் கறி பிடிபட்டது. நாய்க்கறி என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. வாலைப் பார்த்தார்களாம், நீளமாக இருந்ததாம்! அன்றிலிருந்து தள்ளுவண்டி பிரியாணிக்காரர்கள் பாடு திண்டாட்டம். 'அம்பது ரூபாய்க்கு பிரியாணி போட்டா நாய்க்கறிதான்' என்ற அதே நக்கல். சில நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வக முடிவு வந்தது: ஆட்டிறைச்சி. கேலி பரவிய வேகத்தில் இந்தச் செய்தி பரவவில்லை. லண்டனில் பொய் நிஜமாகவே நடந்தது, இங்கே பொய்யே இல்லை. இரண்டிலும் அடி வாங்கியவர்கள் மலிவாக வாங்கியவர்களும் மலிவாக விற்றவர்களும்தான்.

'தெரிந்த கசாப்புக் கடையில், கண்ணெதிரே வெட்டி வாங்குங்கள்' என்று அப்போது பிரிட்டிஷ் பத்திரிகைகளில் யோசனை சொன்னார்கள். நல்ல யோசனைதான், முடிந்தவர் செய்யலாம். நானும் என் நோயாளிகளிடம் அரைத்த தூளாக வாங்காதே, முழு வேராக, முழுப் பட்டையாக வாங்கு என்கிறேன். முழுசாக இருந்தால் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். ஆனால் இரண்டு வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பி, பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்கு எதையாவது சூடாக்கிக் கொடுக்கிற பெண்ணுக்கு இந்த யோசனையால் என்ன பிரயோஜனம்? அவருக்காகச் சோதிக்கத்தான் அரசாங்கமும் ஆய்வகமும். அயர்லாந்து ஆணையம் யாரும் புகார் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. தானாகக் கடைக்குப் போய் வாங்கிச் சோதித்தது, அதனால் பிடிபட்டது. பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் எலியட் 2014-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, உணவு மோசடியைக் குற்றமாகவே துப்பறிய பிரிட்டனில் தனிப் பிரிவு வந்தது. வாங்கியவரைக் கேலி செய்து அது வரவில்லை.

அந்தத் தையல் கம்பெனிப் பெண் பிழைத்துக்கொண்டார். கருப்பையில் கட்டி இருந்தது, ஆபரேஷன் ஆயிற்று. இப்போது பேரன் பேத்தியோடு எப்போதாவது சளி, இருமலுக்கு வருவார். என் மேஜையில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள் உண்டு. ஒன்றில் அசோகப்பட்டை, ஒன்றில் நெட்டிலிங்கம். பட்டை எழுதிக் கொடுத்தால், வாங்கியதும் முதலில் இங்கே கொண்டு வந்து காட்டுங்கள், அப்புறம் காய்ச்சுங்கள் என்பேன். எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. அடுத்த வாரம் வங்கி அதிகாரி எண்ணெய் தீர்ந்து வருவார். அவரிடமும் அந்த இரண்டு பாட்டிலைக் காட்டி, எது எது என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.